நாலாவது கூறு

மஞ்சணத்திப்பட்டி
20.1.2025

சுகப்பிரியா டீச்சருக்கு மூக்கம்மாள் எழுதுவது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கவரின் மேல் உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை நாலைந்து தடவை அடித்திருக்கும். அது 'தாயக்கட்டை' என்ற வார்த்தை. கடிதம் எழுதுவதுதான் கஷ்டம், விலாசம் சுலபம் என்று கவரை முதலில் எடுத்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. என் மகள் தங்கலட்சுமி பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி அடித்தாள். இன்னொரு கவர் வாங்கலாம்தான். பரளச்சி வரை போக வேண்டும். அடித்ததோடேயே அனுப்புகிறேன், வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்பட வேண்டாம்.

போனில் பேசலாம் என்றால் எட்டு தடவை அடித்தும் மணியே போகவில்லை. நீங்கள் என் நம்பரைப் பூட்டி வைத்திருப்பதாக என் அண்ணன் மகன் சொன்னான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். அந்த வகையில் நீங்கள் கெட்டிக்கார டீச்சர்தான். உங்கள் வீட்டு விலாசத்தை நவநீதகிருஷ்ணன் சாரிடம் கேட்டேன். தலைமை ஆசிரியர் என்ற முறுக்கில் முதலில் தரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கேட்கிறேன் என்று நானும் முறுக்கியதும் தந்தார்.

எழுதுகிற காரணம் தங்கலட்சுமி. நாலாம் வகுப்பில் உங்களிடம் இருந்தவரை கணக்கென்றால் பாய்ந்துகொண்டு நிற்பாள். உங்களுக்குப் பதிலாக வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் இவள் எதைக் கேட்டாலும் "தெரியல சார்" என்கிறாளாம். உங்கள் பழைய பிள்ளை. ஒரு வழி சொன்னால் நல்லது.

நவம்பர் மாதக் கூட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பெற்றோர் எல்லாரும் இருக்கும்போது என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டீர்கள். முக்கால் குடம் தண்ணீர் பதினைந்து சொம்பு பிடித்தால் முழுக் குடம் எத்தனை சொம்பு, கட்டம் போட்டுக் காட்டுங்கள் என்றீர்கள். நான், "முழுக் குடம் வேணும்னா குழாயடிக்குல்ல போகணும் டீச்சர், போர்டுக்கு எதுக்கு வாரது" என்றேன். சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு நிற்கவில்லை. "இது கணக்கா தாயமா? சோழியும் குடுத்தீகன்னா ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போயிருவோம்" என்றேன்.

நான் விளையாட்டுக்குத்தான் பேசினேன். அது, டீச்சர் கணக்குக்குப் பதில் தாயம் சொல்லிக்கொடுக்கிறார் என்று மனுவாகி, ஆபீஸுக்குப் போய், உங்களைத் திருச்சுழிக்குத் தெற்கே மாற்றுப்பணியில் அனுப்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

பேனா மை மங்குகிறது. நிறுத்துகிறேன்.

மூக்கம்மாள்

*

பாளையம்பட்டி
2.2.2025

மூக்கம்மாள் அக்காவுக்கு,

தங்கலட்சுமிக்காக மட்டும் இந்தப் பதில்.

அவளிடம் வாய்பாடு கேட்காதீர்கள். ஒரு கணக்கைக் கதையாகச் சொல்லுங்கள். படம் போடச் சொல்லுங்கள். தரையோ தாளோ எதுவானாலும் சரி. அவள் போடும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். முக்கியமாக, விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது உண்மை. கவரில் அடித்திருந்த வார்த்தையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். எனக்கு அது புதிதல்ல. காலையில் இரண்டு பஸ் மாறி இந்தப் பள்ளிக்குப் போகிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இரண்டாவது பஸ்ஸில் வருகிறார்கள். முதல் வாரமே கண்டக்டர், "தாயக்கட்டை டீச்சருக்கு ஒரு சீட்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இப்போது இங்கே பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

நான் இங்கே கட்டம் போடுவதில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். மனு தானாக ஆபீஸுக்கு நடந்து போகவில்லை. இருபத்திரண்டு கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து உங்களுடையது.

சுகப்பிரியா

*

மஞ்சணத்திப்பட்டி
11.2.2025

டீச்சருக்கு,

விடையைச் சொல்லிவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆறு ஆட்டுக்குட்டி, அதில் பாதி வெள்ளை என்று கதை சொல்லி, பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். எனக்குச் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, "தெரியலம்மா" என்றது. ஆறில் பாதி தெரியாத பிள்ளையா அவள்? எங்கள் வீட்டில் குட்டி எத்தனை, அதில் எத்தனை என் வீட்டுக்காரர் கணக்கில் வராதது என்று விரல் விடாமல் சொல்லுகிறவள்.

பஸ்ஸு விஷயத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை அரிசிப்பானைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. பெயர் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரும் என்று நினைக்கவில்லை டீச்சர். ஊரில் நான் யாருக்குத்தான் பெயர் வைக்கவில்லை? குழுவில் இருக்கிற பால்ச்சாமி அண்ணனுக்கு 'லேட்டுமணி' என்று வைத்தேன், அவர் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். எனக்கே எங்கள் அப்பா 'ரேடியோ' என்று வைத்திருந்தார். அதே மாதிரி நீங்களும் சிரித்துவிட்டுப் போவீர்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். சாரிடம் கேட்டேன். மார்ச் 28 குழுக் கூட்டத்தில், எங்களுக்குப் புகார் இல்லை, சுகப்பிரியா டீச்சரே வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் ஜூனில் நீங்கள் திரும்பலாம். அதற்குப் பிறகு என்றால் அங்கேயே நிலையாகப் போட்டுவிடுவார்களாம். தீர்மானம் போட்டுவிடலாம். முதல் கையெழுத்துப் போட்டவள் ஏன் மாறினாள் என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. மனுவில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பில்லாதவள் என்றால் ஊரே நம்பும். உங்களுக்கும் கௌரவம், எனக்கும் நஷ்டம் இல்லை.

சரி என்று ஒரு வரி போடுங்கள்.

மூக்கம்மாள்

*

பாளையம்பட்டி
19.2.2025

அக்காவுக்கு,

சரி என்று போட முடியாது.

மனுவைக் குழாயடியில் வைத்து நீங்கள்தான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினீர்கள். மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். என் குரலில், என்னைப் போலக் கையை ஆட்டி வாசித்தீர்களாம். மிக நன்றாக இருந்ததாம். அப்படி ஒரு பொய்யின் மேல் ஏறி நான் அந்தப் பள்ளிக்கு வர மாட்டேன். இங்கேயே நிலையாகப் போடட்டும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களைப் பொய் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டு, நான் மட்டும் ஒன்றை மறைத்து வைத்திருப்பது உறுத்துகிறது.

அந்தக் கூட்டத்தன்று காலையில் பள்ளி வாசலில், "டீச்சர், இன்னிக்கு எத்தனை கட்டம்" என்று கேட்டீர்கள். பிள்ளைகள் சிரித்தன. அதற்கு முந்தைய வாரமும் கேட்டீர்கள். நான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், வண்ண அட்டைகளை என் கையால் வெட்டி எடுத்து வந்திருந்தேன். ஒரு கணக்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிள்ளைக்குப் பயம் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். அதை நீங்கள் தினமும் வாசலிலேயே கெடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைப் போர்டுக்குக் கூப்பிட்டது சொல்லிக்கொடுக்க அல்ல அக்கா. உங்களுக்கு அந்தக் கணக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது நீங்கள் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் கையில் இருந்த சாக்பீஸ் போர்டைத் தொடாமலே நின்றது. நான் பார்த்தேன். பக்கத்தில் வந்து முதல் கோட்டை நான் போட்டிருக்கலாம். எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்வேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் நீங்கள் குழாயடி என்றீர்கள்.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னது, தெரியாமல் நிற்கும் பிள்ளையைச் சபையில் நிறுத்தாதே என்பது.

இங்கே இப்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாய்பாடு ஒப்பிக்கச் சொல்கிறேன். சத்தமாகச் சொல்கிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. அட்டைகள் பரண் மேல் இருக்கின்றன.

சுகப்பிரியா

*

மஞ்சணத்திப்பட்டி
9.3.2025

டீச்சருக்கு,

இருபது சொம்பு.

நாலு மாதம் கழித்து விடை சொல்லுகிறேன். எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன், படிக்கும்போது சிரித்தாலும் சரி.

இப்போது பருத்தி எடுப்பு. சௌந்தரம் அம்மா பிஞ்சைக் காட்டுக்கு எட்டுப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கம் எடுப்புக்கூலி பருத்தியாகவேதான். பொழுது சாய ஒவ்வொருத்தியும் தான் எடுத்த பருத்தியைக் களத்தில் கொட்டுவாள். நான் அதை எட்டுக் கூறாக வைப்பேன். அதில் ஒரு கூறு எடுத்தவளுக்கு, ஏழு கூறு பிஞ்சைக்காரருக்கு. எந்தக் கூறு எடுத்தவளுக்கு என்று சௌந்தரம் அம்மா கையைக் காட்டும். கூறு வைக்கிற நான் காட்டக் கூடாது, கை காட்டுகிற அந்தம்மா கூறைத் தொடக் கூடாது. அதனால் எட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தராசு இல்லை. கண்ணுதான். பதினேழு வருடமாக என் கூறில் ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

வியாழக்கிழமை ஜக்கம்மாள் தன் கூறைக் கடையில் நிறுத்துவிட்டு வந்து, "ரெண்டு கிலோ இருந்துச்சுக்கா, அப்ப நான் மொத்தம் எம்புட்டு எடுத்திருக்கேன்" என்றாள். "எட்டுக் கூறுல்லடி, பதினாறு கிலோ" என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு அந்த வெற்றிலையை வாயில் வைக்க முடியவில்லை.

களத்தில் பருத்தி இருந்த இடங்கள் வரிசையாகத் தெரிந்தன. நீங்கள் போர்டில் போடச் சொன்ன கட்டம் அதுதானே டீச்சர். குடத்தை நாலு கூறு வைக்கணும். மூணு கூறில் தண்ணீர் இருக்கு, அது பதினைந்து சொம்பு. அப்போ கூறுக்கு அஞ்சு. நாலாவது கூறையும் சேர்த்தால் இருபது.

தெரியாத ஒன்றைக் கேலி செய்தேன் என்றாலாவது மனசு ஆறும். பொழுது சாய நான் கையால் செய்கிற வேலையைத்தான் சபையில் வைத்துக் கேலி செய்திருக்கிறேன்.

நீங்கள் வேண்டுமென்றே நிற்க வைத்தீர்கள் என்று எழுதியதைப் படித்தபோது கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். உங்களை நான் எத்தனை காலை வாசலில் நிற்க வைத்தேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். மேலே எழுதினதெல்லாம் இதைத் தள்ளிப்போட எழுதினது.

கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கலட்சுமி விரலைத் தண்ணீரில் தொட்டு, சிமெண்டுத் தரையில் நாலு கட்டம் போட்டாள். "இருபதும்மா, இங்க பாரு" என்றாள். நான் காலால் அழித்தேன். அவள் விரல் அங்கேயே இருந்தது. அதன் மேலேயே அழித்தேன்.

வியாழக்கிழமை களத்திலிருந்து போய் அவளிடம், "இருபது சொம்புடி" என்றேன். தெரியும் என்றாள். அப்புறம் ஏன் வகுப்பில் தெரியல தெரியலங்கிற என்று கேட்டேன். ரொம்ப நேரம் சடைநுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீ போர்டுல நிக்கையிலேயே ஒனக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும்மா. யார்ட்டயும் சொல்லல. நான் டக்குனு போட்டுட்டா, பிள்ளைக்குத் தெரியுது அம்மாவுக்குத் தெரியலன்னு சிரிப்பாங்கல்ல."

ஒன்பது வயசுப் பிள்ளை டீச்சர். என் மானத்தை நவம்பரிலிருந்து அது சுமந்துகொண்டு இருந்திருக்கிறது.

28ஆம் தேதி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போது எழுத மாட்டேன். எழுதிவிட்டுச் செய்யாமல் போனால் அதையும் அரிசிப்பானைக்கு அடியில்தான் வைக்க வேண்டும்.

மூக்கம்மாள்

*

பாளையம்பட்டி
16.3.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்து வருடம் உங்கள் ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். தினம் பருத்திக் காட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். களத்தில் நீங்கள் குனிந்து ஏதோ குவித்து வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வண்ண அட்டை வாங்க அருப்புக்கோட்டை வரை போனேன்.

தங்கலட்சுமி பற்றிய பகுதியை மட்டும் என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. அதில் பாதி என் வேலை.

வெள்ளிக்கிழமை இங்கே வாய்பாட்டை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்து நாலு கூறு வைக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் மூன்று மாதமாக வாயே திறக்காத ரோஷினி என்ற பிள்ளை, "டீச்சர், ஒரு கூறு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிரும்ல" என்றாள்.

நான் திரும்பி வர விரும்புகிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் சபையில் நிற்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு தடவை நிறுத்தியது போதும்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் 28ஆம் தேதி நடந்ததைக் கடிதமாகவே எழுதுங்கள். எதுவானாலும்.

சுகப்பிரியா

*

மஞ்சணத்திப்பட்டி
29.3.2025

டீச்சருக்கு,

நேற்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பருத்தியை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். சாக்கைப் பார்த்ததும் ஏதோ வேடிக்கை காட்டப் போகிறேன் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதுதான் எனக்கு முதல் அடி. என்னைப் பார்த்தாலே சிரிக்கத் தயாராகிறார்கள். அதற்கு அவர்களைப் பழக்கியவள் நான்தான்.

சார் தீர்மானத்தை வாசித்தார். பால்ச்சாமி அண்ணன் எழுந்து, முதல் கையெழுத்துப் போட்டவளே இப்போது டீச்சர் வேண்டும் என்கிறாளே, அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கேட்பார் என்று தெரியும். மனுவைப் படிக்காமல் போட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. தங்கலட்சுமி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்தக் கணக்குத் தெரியலண்ணே. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் சிரிச்சேன். நான் சிரிச்சதை மறைக்கத்தான் கையெழுத்தும் போட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பால்ச்சாமி அண்ணன் உட்காரவில்லை. "அப்ப நாங்க எதுக்குத்தா சிரிச்சோம்" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"உங்களுக்கும் தெரியலண்ணே" என்றேன்.

ஒருத்தர் வேட்டியைச் சரிசெய்தார். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு வார்த்தை வாயில் வந்து நிற்கும். வரவில்லை. கன்னமெல்லாம் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சாக்கை அவிழ்த்தேன். ஆனால் கை ஓடவில்லை. பதினேழு வருடம் கூறு வைத்த கை, பள்ளிக்கூடத் தரையில் முதல் பிடியை எங்கே வைப்பது என்று தேடியது.

தங்கலட்சுமி உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல் கூறை அவள் வைத்தாள். அப்புறம் எனக்குக் கை வந்தது. மீதி மூன்றையும் நான் வைத்தேன். "இது குடம். இந்த மூணு கூறுந்தான் தண்ணி, பதினஞ்சு சொம்பு. இந்த நாலாவது கூறு எத்தனைன்னு நீங்க சொல்லுங்க" என்று அவளே சபையைப் பார்த்துக் கேட்டாள். பின்னால் இருந்து ஜக்கம்மாள் "அஞ்சு" என்றாள். அப்புறம் எல்லாரும் ஆளுக்கு ஆள் முணுமுணுத்துக்கொண்டார்கள். பால்ச்சாமி அண்ணன் கடைசியாக, "இருபது" என்றார். லேட்டாகத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. மனுவில் போட்ட இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் போட்டார்கள். மீதி நாலு பேரை வீட்டில் போய்ப் பார்ப்பேன். சார் செவ்வாய்க்கிழமை ஆபீஸில் கொடுக்கிறார். இதே போதும், ஜூனில் வந்துவிடுவீர்கள் என்கிறார்.

பஸ்ஸில் வருகிற அந்த இரண்டு பேரிடமும் பேசினேன். கண்டக்டரிடம் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். நான் வைத்த பெயரை நான் சொல்லி உடனே எடுக்க முடியவில்லை டீச்சர். வைப்பதற்கு ஒரு நிமிடம் ஆனது. எடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை. அதை உங்களிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தத் தாளில் இரண்டு தடவை எழுதி அடித்திருக்கிறேன், கீழே பார்த்தால் தெரியும். அடித்ததைத் தயவு செய்து வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கவும்.

கூட்டம் முடிகிற நேரத்தில், எனக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து நவநீதகிருஷ்ணன் சார் இரக்கப்பட்டு, பக்கத்தில் இருந்த பெரிய ஃபேனைத் திருப்பி வைத்துப் போட்டுவிட்டார். நாலு கூறும் எழுந்து போய்விட்டது. நானும் தங்கலட்சுமியும் பெஞ்சுக்கு அடியெல்லாம் பொறுக்கி மறுபடி வைத்துப் பார்த்ததில் மூணே முக்கால் கூறு தேறியது. மீதிக் கால் கூறு சாரின் தலையில் இருந்தது. அவர் அப்படியே உங்கள் பாளையம்பட்டி பஸ்ஸில் ஏறிப் போனார்.

மூக்கம்மாள்